குழம்பின் மேல் விழுந்த பழி

வேலுமணிக்கு வாய்க்குள் புண் வந்த அன்றைக்கே, அது எதனால் வந்தது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் வேலுமணியேதான்.

காலையில் பல் துலக்கும்போது சுரீரென்று எரிந்தது. கண்ணாடி முன்னால் நின்று கீழுதட்டைப் பிதுக்கிப் பார்த்தார். உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், சுற்றிலும் சிவப்பு. வாய் வேறு காய்ந்துபோய், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள அந்த இடம்தான் அவர் புகையிலையை அதக்கி வைக்கும் இடம். அப்படி ஓர் இடம் இருப்பது தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். தைப்பூசத்தன்று முருகன் சன்னதியில் மனைவி சித்ரகலாவின் கையைப் பிடித்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். வீட்டுக்குள் தொடவில்லை என்பது உண்மை. பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். துணி வெட்டுகிற இடத்தில் பஞ்சு பறக்கும். வாயைத் திறந்தால் பஞ்சு உள்ளே போய்விடும், மூடிக்கொண்டே இருக்க வாயில் ஏதாவது வேண்டும். முருகன் கேட்டால் சொல்வதற்கு இந்தக் காரணத்தைத் தயாராக வைத்திருந்தார்.

"என்னுங்க, கண்ணாடியவே பாத்துட்டு நிக்கறீங்க?" என்றாள் சித்ரகலா.

"வாயெல்லாம் புண்ணு. எல்லாம் உங்கொழம்பாலதான். ஆளக் கொல்ற காரம்."

"எங்கொழம்புங்களா?"

"பின்னென்ன? வேற என்னத்தத் திங்கறேன் நானு?"

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதானுங்களே. வேற என்னத்தத் திங்கறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வாய்ப்புண்ணை வேலுமணி ஒரு வாய்ப்பாகவே எடுத்துக்கொண்டார். யாருக்கும் சந்தேகம் வருவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். வெள்ளகோவிலில் இருக்கும் அம்மா மயிலாத்தாளுக்குப் போன் போட்டார். தங்கச்சிக்குச் சொன்னார். டீக்கடையில் சொன்னார். கம்பெனியில் தையல்காரர்கள் வரைக்கும் சொன்னார். பொழுது சாய்வதற்குள், சித்ரகலா குழம்பு வைத்தே புருசனின் வாயை வேகவைத்தவள் என்ற பேர் திருப்பூரிலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் பரவியிருந்தது.

அன்று ராத்திரி தட்டில் குழைந்த சோறு. மேலே வெறும் பாசிப்பருப்பு. ஓரத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிய மணத்தக்காளிக் கீரை.

"கொழம்பு எங்க?"

"நிறுத்திப்போட்டேனுங்க."

"எத்தன நாளைக்கு?"

"புண்ணு ஆறுற வரைக்குமுங்க. என்னால உங்க வாய் போச்சுன்னு நாலு பேரு சொல்லீட்டாங்க. இன்னமும் காரம் போட்டா நானெல்லாம் பொம்பளையா?"

ஊறுகாய் ஜாடி காணாமல் போனது. மிளகாய்ப்பொடி டப்பா பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. அந்த வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம் காம்பவுண்டு தாண்டி வந்து, பால்சோற்றின் முன்னால் உட்கார்ந்திருக்கும் வேலுமணியை நலம் விசாரித்துவிட்டுப் போனது. வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்தாள். கம்பெனிக்குப் பெரிய பாட்டிலில் தண்ணீர் கொடுத்து, வாய் காயக் காயக் குடிக்கச் சொன்னாள். அவரும் சொன்னபடி கொப்பளித்தார், குடித்தார். கம்பெனிக்குப் போனதும் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு புண் ஆறினால் பக்கத்தில் இன்னொன்று வந்தது.

கம்பெனியில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மாசிக்காயை உரசிப் போட்டதில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மருந்துக் கடையில் கொடுத்த சத்து மாத்திரை உள்ளே போன வழி தெரியவில்லை.

சிரிக்கிற கதையாக இருந்தது அதுவரைக்கும்தான். ஒருநாள் கண்ணாடியில் பார்த்தபோது, புண்களுக்குக் கீழே அந்தப் பழைய இடத்தில் தோல் சுருங்கி, வெளுத்துத் தடித்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. வலியும் இல்லை. வலிக்காததுதான் அவரைப் பயமுறுத்தியது.

மாரப்பனுக்கும் வலிக்கவில்லை என்றுதான் சொன்னான். சாயப்பட்டறை மாரப்பன். இவருக்கு முதல் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தவன். வாயில் வந்ததை உடம்புச் சூடு என்று சொல்லியே நாளைக் கடத்தினான். கடைசியில் தாடையை எடுத்தார்கள். வாயோரம் எச்சில் ஒழுக, ஒரு வார்த்தை பேச முடியாமல் கிடந்து தீபாவளிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். வேலுமணி தோள் கொடுத்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில், மனசு சரியில்லை என்று ஸ்கூட்டரை ஓரம் கட்டி ஒரு பொட்டலம் போட்டார். அதை இப்போது நினைத்துப் பார்க்கையில் பால்சோறும் இறங்கவில்லை.

அந்த வாரம் வெள்ளகோவிலில் அம்மா வீட்டில் கெடா விருந்து. ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம் வரிசையாக உட்கார்ந்து எலும்பு கடித்துக்கொண்டிருந்தது. வேலுமணியின் இலையில் மட்டும் மயிலாத்தாள் தன் கையாலேயே தயிர்சோற்றை வைத்தாள். "எங்கண்ணுக்கு வாய்ப்புண்ணு. காரம் ஆகாது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். கறி வாளி அவர் இலையைத் தாண்டித் தாண்டிப் போனது. மற்ற நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பார். அன்றைக்குத் தயிர்சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார். எதிர்ப்பந்தியிலிருந்து சித்ரகலா அதைப் பார்த்தாள்.

மறுநாளே அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் அனிதா லைட்டைப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "புண்ணு சாதாரணப் புண்ணுதான். களிம்பு தரேன், ஆறிடும். கீழ வெள்ளையா தடிச்சிருக்கே, அதுதான் யோசனை. புகையிலை போடறீங்களா?"

வேலுமணியின் வாயில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. "இல்லீங்க."

"போட மாட்டாருங்க மேடம்" என்றாள் சித்ரகலா பக்கத்திலிருந்து. "முருகன் முன்னால சத்தியம் பண்ணீருக்கறாருங்க. எல்லாம் எங்கொழம்பாலதானுங்க."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "குழம்பால இப்படித் தடிக்காது. புகையிலையால வந்ததுன்னா, அதை நிறுத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சுப் பாப்போம். நிறைய பேருக்குத் தானா மறையும். மறையலேன்னா சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். ஆனா உங்களுக்குப் பழக்கமே இல்லேங்கறீங்க. காரணம் தெரியாத தடிப்பை அப்படியே விடக்கூடாது. நாளைக்கே கொஞ்சம் சதை எடுத்து அனுப்பிடலாம்."

"எடுத்துருங்க மேடம்" என்றாள் சித்ரகலா. அவள் குரல் லேசாக நடுங்கியதை வேலுமணி கவனிக்கவில்லை. அவர் கண்ணுக்குள் மாரப்பனின் தாடை நின்றது.

"போடறதுண்டுங்க" என்றார் மெதுவாக.

"என்னது?" என்றார் டாக்டர்.

"பொகையில. கம்பெனியில. நாள் பூராவும்."

சித்ரகலா தலையைக் குனிந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"இத்தன நாளா வாய் காயுறதுக்கும் அதுவே போதுமே" என்றார் டாக்டர். "அதோட டீயா குடிச்சுட்டுத் தண்ணியே குடிக்காம இருந்திருப்பீங்க. இன்னைக்கே நிறுத்துங்க. ரெண்டு வாரம் கழிச்சுக் கண்டிப்பா வரணும்."

அந்த இரண்டு வாரமும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. புகையிலை இல்லாமல் அவருக்குத் தலை வெடித்தது. துணிமேல் போட்ட கோடெல்லாம் கோணிக்கொண்டு போனது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். சித்ரகலா சோறு போட்டாள், களிம்பை எடுத்து நீட்டினாள். அவர் குளிக்கப் போன நேரத்தில் சாமி படத்தின் முன்னால் நின்றாள்.

மறுபடி பார்த்துவிட்டு டாக்டர், "புண்ணெல்லாம் ஆறிடுச்சு. தடிப்பும் பாதிக்குமேல கொறஞ்சிருக்கு. இப்படியே இருங்க, அடுத்த மாசம் வாங்க. முழுசா போகற வரைக்கும் விடமாட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வேலுமணி தொண்டையைச் செருமினார். "ஏம்புள்ள, இன்னிக்கி ஒரு கொழம்பு வெக்கலாமல்ல?"

"வெக்கறேனுங்க. அதுக்கு முன்னால அத்தகிட்டச் சொல்லிருங்க. கொழம்புன்னு நீங்கதான ஊரெல்லாம் சொன்னீங்க." சொல்லிக்கொண்டே நம்பரைப் போட்டு, போனை அவர் காதில் வைத்தாள்.

"சொல்லு சாமி" என்றாள் மயிலாத்தாள்.

"அம்மா, அது வந்து... அந்தப் புண்ணு கொழம்பால வல்லீம்மா. நானு கம்பெனியில பொகையில போட்டுட்டு இருந்தேன்."

"அது தெரியுங் கண்ணு. நீ கொழம்பக் கொற சொன்ன அன்னிக்கே, உஞ்சட்டையில பொகையில வாசம் அடிக்குதுன்னு உம்பொண்டாட்டி போன் போட்டு அழுதா. அழுவாத, காரத்த நிறுத்து, தானா வாயத் தொறப்பான்னு நாந்தான் சொன்னேன்."