மிச்சமான போல்ட்

"ஏசியில காத்து வருது, குளிரு வரல," என்றார் கூடத்துச் செயலாளர். "உள்ளே முந்நூறு பேர் உக்காந்திருக்காங்க. நேத்துதானேப்பா சர்வீஸ் பண்ணின?"

"ஆமாங்க."

"எல்லாம் சரியா மாட்டினியா?"

மெக்கானிக் பேண்ட் பைக்குள் கையை விட்டான். இருந்தது. விரல் நீளத்தில் ஒரு போல்ட். நேற்று ராத்திரி படுக்கப் போகும்போதுதான் அது தட்டுப்பட்டது. கழற்றி மாட்டிய பிறகு கையில் ஒரு போல்ட் மிஞ்சினால் என்ன அர்த்தம் என்று, இருபத்திரண்டு வருஷமாக ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த ஓட்டையை விட்டோம் என்று விடிய விடிய யோசித்தான். காலையில் கூடம் நன்றாகக் குளிர்ந்ததைப் பார்த்துக் கொஞ்சம் மூச்சு விட்டான். மத்தியானம் மூன்று மணிக்கு நாடகம் தொடங்கியது. மூன்று ஐந்துக்குச் செயலாளர் வந்துவிட்டார்.

பிரார்த்தனைக் கூடத்து ஏசிதான் அவன் வீட்டில் அடுப்பெரிய வைப்பது. வருஷ ஒப்பந்தம். நாடகம் முடிந்த கையோடு கமிட்டி உட்கார்ந்து, இவனையே வைத்துக்கொள்வதா, புதுக் கம்பெனிக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்யப்போகிறது. போன வாரமே செயலாளர் அவன் காதில் போட்டிருந்தார்.

நாடகத்தை எழுதியவர் கூடத்தை நடத்தும் பெரியவர். "பூமி சூடாகுது, சூடாகுதுன்னு மூணு வருஷம் பிரசங்கம் பண்ணிட்டேன்," என்று அவர் எல்லோரிடமும் நொந்துகொள்வார். "எல்லாரும் ஏசியில சுகமாத் தூங்கினாங்க. நாடகம் போட்டாவது முழிக்க வைக்கிறேன்." பூமியாக வேஷம் கட்டியது மெக்கானிக்கின் மனைவி. வெயிலாக வந்தவர் பஸ் டிரைவர். முகத்தில் மஞ்சள், தலையில் அட்டைக் கிரீடம். கூட்டத்தைச் சிரிக்க வைப்பதும் அவர் பொறுப்பு.

"ஒரு பத்து நிமிஷம் கொடுங்க," என்று மெக்கானிக் ஏணியில் ஏறினான்.

மாடியில் மெஷின் அசையாமல் கிடந்தது. ஸ்விட்சைப் பார்த்தான். கரண்ட் இருந்தது. அப்படியென்றால் போல்ட்தான். மூடியைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையாகத் தடவினான். எல்லாவற்றிலும் போல்ட் இருந்தது. கடைசியில், செம்புக் குழாய்க்கு முன்னால் ஒரு தகட்டில், காலியாக ஒரு ஓட்டை.

"இங்கயாடா இருக்கே நீ!"

போல்ட் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கம்பெனிக்காரன் வேலையே இப்படித்தான் என்று திட்டிக்கொண்டு, சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டினான். மூன்றாவது தட்டில் போல்ட் உள்ளே போனது. அதன் முனை பின்னால் இருந்த குழாய்க்குள்ளும் போனது.

உஸ்ஸ்ஸ்.

பதறிப்போய் போல்ட்டைப் பிடுங்கினான். இன்னும் பெரிதாக உஸ்ஸ்ஸ். கட்டை விரலால் பொத்தினான். விரல் மரத்ததுதான் மிச்சம். ஏசியைக் குளிர வைக்கும் இந்த வாயு வெளியே போனால் புகையைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும் என்று பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அதற்காக அவனுக்கு ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்திருந்தார்கள். கீழே கூடத்துக்குள்ளிருந்து மனைவியின் குரல் கணீரென்று மேலே வந்தது.

"என்னை இப்படிச் சுட வைக்கிறது யாருடா?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். போல்ட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாயு மொத்தமும் போய்ச் சேரும் வரை அப்படியே நின்றான்.

இறங்கி வந்தபோது செயலாளர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றியிருந்தார். "சரியாயிடுச்சா?"

"ஆயிட்டே இருக்குங்க."

ஐஸ் பேக்டரிக்குப் போன் போட்டான். கால் மணி நேரத்தில் ஆறு பாளம் வந்து இறங்கியது. மீனுக்குப் போடும் ஐஸ். அதை வாசனையே சொன்னது. மேடைக்குப் பின்னால், படுதா மறைவில் வரிசையாக வைத்து, தன் பட்டறையிலிருந்த ரெண்டு ராட்சச மின்விசிறிகளை எடுத்துவந்து நிறுத்தினான்.

"கடவுளே, இன்னும் அரை மணி நேரம். அதுவரைக்கும் காப்பாத்திக் கொடு," என்று வேண்டிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டான்.

மேடையில் நின்ற அட்டை மரங்கள் நாலும் குப்புற விழுந்தன. காகிதக் கடல் கிழிந்து பறந்து போய் ரெண்டாம் வரிசையை மூடியது. டிரைவரின் கிரீடம் உருண்டு கதவைத் தாண்டிப் போனது.

டிரைவர் திகைத்தது ஒரு நொடிதான். "வெயில்னு சொல்லித்தான்யா கூட்டிட்டு வந்தாங்க. புயலுக்கும் நானேவா? ஒரு ஆளை எத்தனை வேலைதான் வாங்குவீங்க!"

கூடம் குலுங்கிச் சிரித்தது. மின்விசிறியைக் குறைக்கப் போன மெக்கானிக், காலடியில் சில்லென்று உணர்ந்து கீழே பார்த்தான். அந்தப் புழுக்கத்தில் ஐஸ் வேகமாகக் கரைந்து, படுதாவுக்கு அடியில் வழிந்து, மேடை விளிம்பிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஏங்க, தண்ணி ஏறுதுங்க!"

"மீன் நாத்தம் அடிக்குதே. கடல்தான் வந்துடுச்சு போல," என்றார் அவள் கணவர்.

முதலில் சிரித்தார்கள். தண்ணீர் மூன்றாம் வரிசைக்குப் போனபோது சிரிப்பு மெதுவாக நின்றது. வேர்த்து வழிய, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு முந்நூறு பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மேடையில் பூமி தள்ளாடிப் போய்த் தன் முக்காலியில் உட்கார வேண்டிய கட்டம். உட்கார்ந்தாள். முக்காலியின் ஒரு கால் தனியாகப் போனது. பூமி தொப்பென்று தண்ணீரில் விழுந்தாள்.

படுதா இடுக்கில் நின்ற மெக்கானிக்கின் கண் முக்காலியில் நிலைகுத்தியது. கால் கழன்ற இடத்தில் காலியாக ஒரு ஓட்டை. நேற்று சாயங்காலம், "உயரமா இருக்குங்க, கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க," என்று மனைவி கேட்டு, அந்த முக்காலியைக் கழற்றி மாட்டியது அவன்தான். இதே பேண்ட்டோடு.

பையிலிருந்து போல்ட்டை எடுத்துப் பார்த்தான். அப்படியென்றால் மெஷினில் எதுவுமே குறையவில்லை. அந்த ஓட்டை பிறக்கும்போதே காலி. பிறகு ஏன் குளிரவில்லை?

தண்ணீரில் உட்கார்ந்தபடியே மனைவி படுதாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு என்பது அதன் பொருள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, நாடகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"இத்தனை பேர் இருக்கீங்க. என்னைத் தூக்கிவிட ஒருத்தரும் இல்லையா?"

யாரும் அசையவில்லை. பிறகு செருப்பைக் கையில் வைத்திருந்த பெண் எழுந்தாள். அவள் கணவர் எழுந்தார். பத்து இருபது பேர் தண்ணீரைச் சளக் சளக்கென்று மிதித்துக்கொண்டு மேடைக்கு ஏறிப் பூமியைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவர் அழுதார். டிரைவரும் அழுதார், மஞ்சள் வழிந்தது.

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. பெரியவர் படுதாவுக்குப் பின்னால் வந்து, கரைந்த ஐஸையும் விசிறிகளையும் பார்த்துவிட்டு, மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டார்.

"புயல் அடிக்கிறதும் கடல் ஏறி வர்றதும் என் எழுத்துல இல்லவே இல்லையேப்பா! எங்கிட்டக்கூடச் சொல்லாம நீயா செஞ்சிருக்கே. கமிட்டி எதுக்கு இனிமே? இன்னும் அஞ்சு வருஷம் இந்தக் கூடம் உன் பொறுப்பு."

தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டான் மெக்கானிக். ராத்திரியோடு ராத்திரியாகக் குழாயை அடைத்து வாயுவை நிரப்பிவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. போல்ட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் நழுவினான்.

வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், ஏசியின் குளிரைக் கூட்டிக் குறைக்கும் பட்டன் இருக்கும் கண்ணாடிப் பெட்டி. ஒருவருக்குக் குளிருகிறது, இன்னொருவருக்கு வேகிறது என்று வாராவாரம் சண்டை வந்ததால், இருபத்துநாலு டிகிரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பெரியவர் தன்னிடமே வைத்திருந்தார். அதை யாரும் தொடுவதில்லை. அவனும் இன்று அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது அது திறந்திருந்தது. கூடம் பெருக்கும் அக்கா, கையில் சாவியோடு, அதன் முன்னால் குழம்பிப்போய் நின்றாள்.

"தம்பி, நல்ல வேளை வந்தே. சனங்க கொஞ்சம் வெந்து பாக்கட்டும்னு பெரியவர் சாவியைக் கொடுத்தாரு, நாடகம் ஆரம்பிச்சதும் முப்பத்தஞ்சுல வெச்சேன். முடிஞ்சதும் இருபத்துநாலுக்கு இறக்கிட்டேன், ஆனா குளிரவே மாட்டேங்குதே. காலையில நல்லாத்தானே இருந்துச்சு, மெஷினை யாராச்சும் தொட்டாங்களா?"