மாமா போட்ட ஜாயிண்ட்

நெய்வேலி டவுன்ஷிப்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு அண்ணன் மகள் புவனாவுக்கு,

செவ்வந்தி அத்தை எழுதுவது. இங்கே நான், மகன் மணிமாறன், வாசல் முருங்கை மரம் எல்லோரும் இருக்கிறோம். உன் மாமா இல்லாததைத் தவிர வேறு குறையில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவள், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். போனில் பேசலாம் என்றால் ஹலோ சொன்னதுமே எனக்கு அழுகை வருகிறது, நீயும் அழுகிறாய், சொல்ல வந்தது நின்றுபோகிறது.

நெல்லிக்குப்பத்து மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் விசாரித்தால், நீ பிளாஸ்டிக் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லவேண்டும் என்று உன் அப்பா வந்து சொல்லிவிட்டுப் போனார். "பெரியவங்க கட்டுற டயப்பருக்கு ஒட்டுப்பட்டி செய்யறான்னு சொன்னா எவன் பொண்ணு எடுப்பான்?" என்றார். நீயும் வேலையை விட்டுவிடப் போகிறாயாமே. அண்ணன் பேச்சை நான் மீறமாட்டேன். யார் கேட்டாலும் பிளாஸ்டிக் கம்பெனிதான், என் வாயிலிருந்து வேறு வார்த்தை வராது. ஆனால் வேலையை விடுகிறதுக்கு முன்னால் இதைப் படித்துவிடு.

உன் மாமா மைன்ஸில் பெல்ட் செக்‌ஷன் என்பது உனக்குத் தெரியும். கரி ஓடுகிற பெல்ட் அறுந்தால் ஜாயிண்ட் போடுகிற ஆள். ஷிஃப்ட் மாறும்போது ஜாயிண்டைப் பார்க்காமல் அடுத்தவனிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது அவருக்கு வேதம். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து கட்டிலோடு கிடந்தபோதும் அந்தப் புத்தி போகவில்லை. ஷிஃப்ட் பஸ் போகிற சத்தம் கேட்டால் போதும், "ஆளு மாறிட்டான், தெறந்து பாரு" என்று இடுப்பில் கட்டின டயப்பரைக் காட்டுவார். மருந்துக்கடையில் முதலில் வாங்கினது பசை வைத்த டயப்பர். ஒருதரம் திறந்தால் மேல்தாளோடு கிழிந்துகொண்டு வரும், மறுபடி ஒட்டாது. உள்ளே பார்த்தால் பொட்டு ஈரம் இருக்காது. "காஞ்சிதான கீது, மூடு" என்பார். எதை மூடுவது? ஊக்கு குத்தினேன், குத்தினது அவர் இடுப்பில். நாடா கட்டினேன், முடிச்சு அழுத்தி ராத்திரியெல்லாம் திட்டினார். என் கையில் பவுடர் இருந்தால் அந்தப் பசை புதுசிலேயே ஒட்டாது. கடைசியில் மணிமாறன் கரெண்ட் ஒயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பைக் கொண்டுவந்து சுற்றினான். அதைப் பிரித்தபோது இடுப்பு மயிரெல்லாம் கூடவே வந்து, உன் மாமா போட்ட சத்தத்துக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ் கலியம்மாள் திருடன் என்று கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள். "இன்னாண்ணே, ஆரு?" என்றாள். "உம் மருமவன்தான், புடிச்சிக்கினு போ" என்று மணிமாறனைக் காட்டினார்.

அப்போதுதான் நீ வந்தாய். வந்தவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டி அவர் முகத்தைப் பார்த்தார்கள். நீ ஒருத்திதான் அவர் இடது கையைப் பார்த்தாய். "மாமா, இத புடிச்சி இழுங்க பாப்போம்" என்று ஒரு பட்டியைக் கொடுத்தாய். செருப்பு வாரில் இருக்குமே அந்த மாதிரிக் கொக்கிதான், ஆனால் கண்ணுக்கே தெரியாத கொக்கி, தடவினால் பூனை நாக்கு மாதிரி இருந்தது. அவர் விடுவாரா? பெல்ட்டுக்குப் போடுகிற மாதிரி இரும்பு கிளிப் வை, ரெண்டு வரிசை போல்ட் அடி என்று உனக்குப் பாடம் எடுத்தார். நீ "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று கேட்டுக்கொண்டு போய், அதில் ஒன்றையும் செய்யாமல், பட்டியின் நுனியை மட்டும் அகலமாக்கி, கொக்கியில்லாமல் மடித்துக் கொண்டுவந்தாய். விறைத்த விரலுக்கும் அகப்பட்டது. எனக்கு உன்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் வீட்டில் பட்ட பாடு இருக்கிறதே! பழகவேண்டும் என்று தலையணைக்கு ஒரு டயப்பரைக் கட்டிவிட்டு, நாளெல்லாம் இடது கையால் சர்ரென்று பிரிப்பதும் ஒட்டுவதும். செக்‌ஷனிலிருந்து சைமன்ராஜ் ஆப்பிளோடு பார்க்க வந்தான். "எப்படிண்ணே கீற?" என்று கேட்டதுதான் தாமதம், தலையணையைத் தூக்கி மடியில் போட்டு, "டேய், எத்தினி வாட்டி கயட்டி மாட்டினாலும் நிக்குதுடா, நம்ம பெல்ட்டு நிக்குமா?" என்றார். பாவம் அந்தப் பிள்ளை, "நிக்காதுண்ணே" என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களுக்கும் இதே கதிதான்.

ஒருநாள் காலையில், "நீ போயி பால் வாங்கினு வா, நான் பாத்துக்கறேன்" என்றார். வந்து பார்த்தால் தனக்குத்தானே பிரித்து, பார்த்து, ஒட்டியிருந்தார். ஒரு பக்கம் கோணல். "வந்து ஜாயிண்ட் பாரு" என்றார். படுத்ததிலிருந்து என் கண்ணைப் பார்த்துப் பேசாத மனுஷன் புவனா, அன்றைக்கு நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

அவர் போன அன்று குளிப்பாட்டும்போது கலியம்மாள் கத்தரிக்கோல் கேட்டாள். வேண்டாம் என்று நானே நுனியைப் பிடித்து இழுத்தேன். அந்த சர்ரென்கிற சத்தம் கேட்டதும்தான் எனக்கு அழுகையே வந்தது.

மீதியிருந்த பாக்கெட்டையெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாயிற்று. வீட்டில் ஒன்றுகூட இல்லை, யார் வந்து துழாவினாலும் அகப்படாது. உன் கல்யாணம் என்னால் கெட்டது என்ற பேச்சு வராது. வேலையை விடுவதும் இருப்பதும் உன் இஷ்டம்.

நீ செய்கிற பட்டியெல்லாம் ஆயிரம் தடவை பிரிந்து ஒட்டட்டும். உன் கல்யாணம் மட்டும் ஒருதரம் ஒட்டினால் ஒட்டினதாகவே இருக்கட்டும்.

உன் அத்தை,
செவ்வந்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை சிவசங்கரின் அம்மாவே துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். பொண்ணுக்கு எங்கே வேலை என்றதற்கு, பிளாஸ்டிக் கம்பெனி என்று சரியாகத்தான் சொன்னேன். உட்காரச் சொன்ன இடம்தான் தப்பு. வீட்டில் ஒன்றுகூட இல்லை என்று எழுதினேனே, கட்டிலில் அந்தத் தலையணை இருந்தது. "இது இன்னாங்க, தலாணிக்கு ஜட்டி போட்டு வச்சிக்கிறீங்க?" என்றார்கள். அவ்வளவுதான், கறுப்பு டேப்பிலிருந்து கத்தரிக்கோல் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, பிரித்துப் பிரித்து ஒட்டிப் பார்த்தார்கள். அப்புறம் என் காதோரம், "இருமினா, சிரிச்சா எனக்கே நிக்க மாட்டேங்குதுங்க. பஸ்ஸு ஏறி எத்தினியோ வருசமாவுது, இன்னிக்கு வந்ததே ஆட்டோவுலதான். பொண்ண வேலைய மட்டும் வுட்டுட வேணாம்னு சொல்லுங்க" என்றார்கள். அவர்களுக்குப் பெரிய சைஸ் ரெண்டு பாக்கெட் அனுப்பு. போகும்போது தலையணையில் இருந்ததைக் கேட்டார்கள். அதை மட்டும் நான் தரவில்லை. அது உன் மாமா போட்ட ஜாயிண்ட்.