மைனஸ் முப்பத்திரண்டாயிரம் வாஷர்

அன்புள்ள மாமாவுக்கு, வணக்கத்துடன் மருமகன் எழுதுவது.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அத்தை சொன்னார். சந்தோஷம். உங்கள் தங்கை நலம், உங்கள் பட்டறை நலம், நான்தான் அவ்வளவாக இல்லை.

"அந்தக் கம்ப்யூட்டரக் கழட்டிட்டு வேற வேலை பாரு" என்று போனை வைத்துவிட்டீர்கள். கழற்றுவதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள். வாஷர் எண்ணும் புரோகிராமை எழுதியது ஒரு கம்ப்யூட்டர் மொழியில், வீட்டில் சோதித்துப் பார்த்தது இன்னொரு மொழியில். வீட்டு மொழி, எண் எவ்வளவு வளர்ந்தாலும் இடம் கொடுக்கும். மெஷினுக்குள் நான் ஒதுக்கிய இடம் 32,767 வரைதான். அடுத்த வாஷர் விழுந்ததும், வண்டி மீட்டர் கடைசி எண்ணைத் தாண்டினால் முதலுக்கே திரும்புமே, அதுபோல வாயே திறக்காமல் தன் அடிமட்டமான மைனஸ் 32,768க்குப் போய் உட்கார்ந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். ஆனால் ஃபோர்மேன் அண்ணன் என்ன செய்தார்? திரையைப் பார்த்து, "அடப்பாவி, இவ்ளோ பாக்கியா" என்று நிறுத்தாமல் ஓட்டினார். மைனஸ் குறையக் குறைய உற்சாகம், டீக்குக்கூடப் போகவில்லையாம். பூஜ்யம் வந்ததும் நிறுத்திவிட்டுக் கைகழுவப் போனார். ஆர்டர் 35,000. செய்தது 65,536. ஒரு மாதத் தகடு காலி.

"ஏண்ணே, பெட்டி நிரம்பி வழியுதே, பாக்கலியா?"

"நீதான தம்பி, கண்ண நம்பாதீங்க, ஸ்க்ரீன நம்புங்கன்ன?"

சொன்னேன்தான்.

பரிசோதனை மேஜையில் வேறு கூத்து. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள வாஷரையும் 0.2ஐயும் ஜோடியாக அடுக்கினால் 0.3 வரணும். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் நமக்கு 0.333 என்று முடியாமல் இழுக்குமே, கம்ப்யூட்டருக்கு 0.1லேயே அந்தப் பாடு. கூட்டினால் பதினேழாவது இடத்தில் ஒரு 4 ஒட்டிக்கொள்கிறது. அந்த நாலுக்காக நல்ல ஜோடிகளைக் கழிவுக்கூடையில் தள்ளிவிட்டது. எத்தனை என்று கேட்காதீர்கள். எல்லாமே.

இரண்டையும் சரிசெய்துவிட்டேன். தடிமன் இனி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரானில், முழு எண்ணாக. எண்ணும் இடம் நிரம்பப் பல கோடி வருஷம் ஆகும். இரண்டு நாளாகக் கையால் எண்ணியதும் திரையும் ஒன்று பிசகாமல் ஒத்துப்போகின்றன. நீங்கள் வரும்வரை ஒரு வாரம் விட்டுவையுங்கள். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது மாமா, வேறெங்கும் போக மனசில்லை.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகன்

பி.கு.: மேலே கெஞ்சியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கவரை ஒட்டும் நேரத்தில் ஆர்டர் கொடுத்தவர் வந்தார். அந்த அளவு வாஷர் எங்கேயும் கிடைக்கவில்லையாம், மிச்சம் 30,536ஐயும் வண்டியில் ஏற்றிக்கொண்டார், மாதாமாதம் இதேபோல வேண்டுமாம். ஃபோர்மேன் அண்ணன் இப்போது என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்: "தம்பி, சரிபண்ணதெல்லாம் இருக்கட்டும், அந்த மைனஸத் திரும்பக் கொண்டாந்துரு. ப்ளஸ்ஸப் பாத்தா எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது."