இரண்டாம் கட்டத்துக்கு ஓர் ஆள்

மோதல் என்றால் இரண்டு பேர் வேண்டும். கல்யாணத்துக்கும் அப்படித்தான். மாப்பிள்ளை மட்டும் தனியாக வந்து நின்றால் எந்த அலுவலகமும் கல்யாணத்தைப் பதிவு செய்யாது. விபத்துக்கும் அதே நியாயம்தான் என்று சாலைச் சந்திப்பு நல்லிணக்கப் பிரிவு தன் நிர்வாகக் குறிப்பேட்டின் பதினோராம் பக்கத்தில் எழுதி வைத்திருந்தது. ரொட்டிக்காரருக்கு இது தெரியாது. முழங்காலில் ஒரு கட்டும் கையில் நெளிந்த முன்சக்கரமுமாக அவர் பாட்டுக்குத் தனி ஆளாய் அங்கே வந்து நின்றார்.

இருபத்திரண்டு வருடமாக சைக்கிள் கேரியரில் தகரப் பெட்டியைக் கட்டி, விடிந்ததும் நாற்சந்தியைக் கடந்து ரொட்டி கொண்டு போகிறவர் அவர். அந்தச் செவ்வாய்க்கிழமை இடதுபக்கத்திலிருந்து வந்த நீலக் கார் ஒன்று அவரைத் தட்டி, அவரையும் அறுபது ரொட்டிகளையும் ரோட்டில் பரப்பிவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவருக்கு இது நான்காவது தடவை. தன் முழங்காலுக்காக அவர் அலுவலகப் படி ஏறியிருக்க மாட்டார். சந்திக்கு அந்தப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவர் மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. வரும் திங்கட்கிழமையிலிருந்து அவளும் அதே வழியில், அதே போல ஒரு சைக்கிளில் போக வேண்டும். அதற்குள் அங்கே சிவப்பும் பச்சையுமாக ஒரு விளக்குக் கம்பம் நின்றாக வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எழுத்தரம்மா ஒரு வெள்ளைப் படிவத்தை எடுத்து வைத்தார்.

"முதல் கட்டத்துல உங்க பேரு. ரெண்டாம் கட்டத்துல இடிச்சவர் பேரு. கீழே ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

"இடிச்சவன் நிக்கலையேம்மா."

"ஏன் நிக்கல?"

"அதை அவன்கிட்டதான் கேக்கணும்."

"கூட்டிட்டு வாங்க, கேட்டுடலாம்."

ரொட்டிக்காரர் சக்கரத்தைத் தூக்கிக் காட்டினார். "இதைப் பாருங்க. அவன் வண்டிப் பெயிண்ட் ஒட்டியிருக்கு."

எழுத்தரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நல்ல நீலம்தான். ஆனா பெயிண்ட் கையெழுத்துப் போடாதே. ரெண்டாவது ஆள் இல்லேன்னா இது மோதல் ஆகாது. தானே விழுதல். அதுக்குப் பச்சைப் படிவம்."

"பச்சைப் படிவம் எழுதினா விளக்கு வெப்பாங்களா?"

"மோதலுக்குத்தான் விளக்கு. ஒரு வருஷத்துல மூணு மோதல் பதிவானா கண்டிப்பா வெச்சாகணும்னு விதியே இருக்கு. அந்தச் சந்தியில பத்து வருஷமா ஒரு மோதல் கூட இல்ல. நாற்பத்து ரெண்டு தானே விழுதல். உங்களோட நாற்பத்து மூணு."

"நாற்பத்து மூணு பேரு ஒரே இடத்துல தானா போய் விழுந்தோமா?"

"அதுதாங்க எங்களுக்கும் கவலை. அதனாலதான் அதிகாரி ஐயா சமநிலைப் பயிற்சி வகுப்பு ஆரம்பிச்சிருக்கார். உள்ள போய்ப் பாருங்க."

அதிகாரி தம் அறையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். தரையோடு முடுக்கப்பட்டு, நகராமல் நின்ற இடத்திலேயே நிற்கும் உடற்பயிற்சி சைக்கிள். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய மஞ்சள் சட்டை, விரல் நுனி மட்டும் தெரியும் கையுறை. ஹேண்டில்பாருக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டுக் கோப்புகளை வைத்திருந்தார். அந்த ஆண்டு மேலதிகாரிகள் வட்டாரத்தில் சைக்கிள்தான் நாகரிகம். முந்தைய ஆண்டு மூச்சுப்பயிற்சியாக இருந்தது. அப்போது இரண்டு மனுக்களுக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொள்வார். இந்த ஆண்டு பரவாயில்லை, கண் திறந்தே இருந்தது.

"நானும் உங்க கட்சிதான்," என்றார் அதிகாரி, மூச்சு வாங்கியபடி. "தினமும் எட்டு கிலோமீட்டர். இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு வண்டி என்னை இடிச்சதில்ல. எல்லாம் ஓட்டுற விதத்துல இருக்கு."

"ஐயா, இந்த ரூமுக்குள்ள கார் வராதுங்களே."

"வந்தாலும் நான் சமாளிப்பேன். உங்ககிட்ட அந்த நம்பிக்கை இல்ல பாருங்க." அவர் வேகத்தைக் குறைத்தார். "சரி, உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு. சனிக்கிழமை மக்கள் குறைகேட்புக் கூட்டம். இடிச்சவர் யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர் எழுந்து ஒத்துக்கட்டும். நாற்பத்து மூணு பச்சைப் படிவத்தையும் மறுபரிசீலனை செய்ய எனக்கு அதிகாரம் இருக்கு."

வீட்டில் இதைச் சொன்னதும் மகள், "விடுங்கப்பா. நான் சந்தியில இறங்கித் தள்ளிட்டே போயிடறேன்," என்றாள்.

"தள்ளிட்டுப் போறவங்களையும்தான் இடிக்கறான்," என்றார் அவர்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சான் தலை நிமிரவில்லை. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கூட்டங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடும் நிறுவனத்தில் வேன் ஓட்டுகிறவர். வழக்கமாக அந்த வீட்டில் பேச்சை நிறுத்தத் தெரியாதவர் அவர் ஒருவர்தான். அன்றைக்குத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "வரேன் அத்தான்," என்று மட்டும் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பியது. சந்தியில் கடை வைத்திருக்கும் சாவிக்காரர், சலவைக்கடை அம்மா, பள்ளிக்கூட வாத்தியார்கள், வாகனப் பட்டறைக்காரர்கள் என்று ஊரே திரண்டிருந்தது. அதிகாரி மஞ்சள் சட்டையோடு மேடையேறி, "மேற்படி சந்திப்பின் பொருட்டு ஏற்பட்டுள்ள மனக்கசப்புகளைக் களைந்து" என்று தொடங்கிக் கால் மணி நேரம் களைந்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அந்தச் சந்தியில இடிபட்டவங்க கை தூக்குங்க."

மண்டபம் முழுக்கக் கைகள். மேடையில் எழுத்தரம்மாவும், தன்னையறியாமல் பாதிக் கை தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டார்.

"இடிச்சிட்டு நிக்காமப் போனவங்க?"

ஒரு கையும் எழவில்லை. வெளியே எழுபது வண்டிகள் நின்றிருந்தன. அவற்றில் இடதுபக்கம் கீறல் இல்லாத வண்டியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஆக, எல்லாரும் இடிபட்டிருக்கீங்க, யாரும் இடிக்கல," என்றார் அதிகாரி திருப்தியோடு. கோப்பை மூடப்போன நேரத்தில், கடைசி வரிசையில் ஒரு கை மட்டும் எழுந்தது. மச்சானின் கை.

"மூணு வருஷம் ஆச்சுங்க. வேனோட பக்கக் கண்ணாடி ஒரு சைக்கிள்ல பட்டுது. ஆள் விழுந்ததைப் பார்த்தேன். பயந்துட்டு நிக்காமப் போயிட்டேன். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு."

மண்டபம் மொத்தமும் பெருமூச்சு விட்டது. அது கோபத்தில் வந்த மூச்சு இல்லை. பரீட்சையில் நமக்குப் பதிலாகப் பக்கத்துப் பெஞ்சுக்காரன் மாட்டிக்கொண்டால் வருமே, அந்த மூச்சு.

எழுத்தரம்மா நாற்பத்து மூன்று பச்சைப் படிவங்களையும் அவர் முன்னால் அடுக்கினார். "இதுல எது உங்களோடது?"

"தெரியலையேம்மா. முகத்தைப் பார்க்கலையே."

"அப்போ எல்லாத்துலயும் போட்டுடுங்க. தேடற நேரம் மிச்சம்."

"அத்தானை இடிச்சது நீலக் கார். என் வேன் வெள்ளைங்க."

"பெயிண்ட் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் சாவிக்காரர். அவருடைய கார் நீலம்.

"போட்டுடுங்க தம்பி. ஊருக்கு ஒரு நல்லது நடக்கட்டும்," என்றார் சலவைக்கடை அம்மா.

மச்சான் ரொட்டிக்காரரைப் பார்த்தார். ரொட்டிக்காரர் கண்ணில் அப்போது மச்சான் இல்லை. விளக்குக் கம்பம்தான் நின்றது. மச்சான் நாற்பத்து மூன்று தடவை கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி எழுந்தார். "பத்தாண்டுக் காலப் பிரச்சினைக்கு மூலகாரணம் இன்று கண்டறியப்பட்டது. அன்னாருடைய லைசென்ஸ் இத்துடன் ரத்து செய்யப்படுகிறது. சந்திப்பு பாதுகாப்பானது என்று அறிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்."

கைதட்டல் எழுந்தது. ரொட்டிக்காரரும் தட்டினார். எத்தனையோ கூட்டம் பார்த்தவர்தான். எல்லோரும் தட்டும்போது சும்மா இருக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தட்டி முடித்த பிறகுதான் கேட்டார்.

"ஐயா, விளக்கு?"

"காரணத்தைத்தான் நீக்கியாச்சே, விளக்கு எதுக்கு? இந்த நாற்பத்து மூணும் தீர்ந்துபோன மோதல். விதிப்படி இனிமே புதுசா மூணு வரணும். வராது. கவலைப்படாதீங்க."

திங்கட்கிழமை வந்தது. லைசென்ஸ் போய்விட்டதால் மச்சான் நாற்காலிக் கிடங்கில் கணக்கெடுக்கும் வேலைக்கு மாறியிருந்தார். அதுவும் சந்திக்கு அந்தப் பக்கம்தான். எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிளைத் தேடிப் பிடித்து, "நான் பின்னாலயே வரேன், நீ முன்னால போம்மா," என்று அக்கா மகளோடு கிளம்பினார். ரொட்டிக்காரர் முன்கூட்டியே போய்ச் சந்தியில் நின்றுகொண்டார்.

வண்டிகள் அன்றைக்கும் அப்படியேதான் வந்தன. மூலகாரணம் நீக்கப்பட்ட செய்தி அவற்றுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. மகள் ஒரு இடைவெளி பார்த்து வேகமாக மிதித்து அக்கரை சேர்ந்தாள். மச்சான் நடுவில் இருந்தபோது ஒரு சாம்பல் நிறக் கார் திரும்பி, பின்சக்கரத்தைத் தட்டி அவரை உருட்டிவிட்டுப் போயே போய்விட்டது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். ஓடி வருவதில் ஊர் என்றைக்கும் குறை வைத்ததில்லை. அலுவலகத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்த எழுத்தரம்மாவும் வந்தார். சனிக்கிழமைக்குப் பிறகு அவர் கைப்பையில் படிவம் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை.

"இடிச்சது யாரு?"

"சாம்பல் கலர் கார்," என்றார் ரொட்டிக்காரர்.

"அதெப்படி?" என்றார் சாவிக்காரர். "இந்தச் சந்தியில இடிக்கிற ஆளு ஒருத்தர்தான். சர்க்காரே சொல்லியாச்சு. அவர் இதோ விழுந்து கிடக்காரே."

எழுத்தரம்மா படிவத்தைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. "ஆமா, முதல் கட்டத்து ஆளும் இங்க இருக்கார். ரெண்டாம் கட்டத்து ஆளும் இங்க இருக்கார். ரெண்டு கையெழுத்தும் இப்பவே வாங்கிடலாம். என் சர்வீஸ்ல இதுதாங்க முதல் தடவை, விழுந்த இடத்துலயே ஒரு மோதல் முழுசாப் பதிவாகறது."

மச்சான் சிராய்த்த கையால் படிவத்தின் கீழே அடுத்தடுத்து இரண்டு கையெழுத்துப் போட்டார். இடித்ததற்கு ஒன்று, இடிபட்டதற்கு ஒன்று. யாரோ வாழ்த்தும் சொன்னார்கள்.

"இன்னும் ரெண்டே ரெண்டு," என்றார் சலவைக்கடை அம்மா, ரொட்டிக்காரரின் காதருகே. "உங்க பொண்ணுக்கு விளக்கு வந்துடும்."

அக்கரையிலிருந்து மகள், "அப்பா, மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க," என்று கத்தினாள்.

ரொட்டிக்காரர் குனிந்து, மச்சானின் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் மெதுவாகத் துடைத்தார். "ரொம்ப வலிக்குதா மச்சான்?"

"இல்ல அத்தான், லேசாத் தேய்ச்சதுதான்."

ரொட்டிக்காரர் எதிர்ப்பக்கம் நிற்கும் மகளைப் பார்த்தார். அவள் சாயங்காலம் திரும்பி வர வேண்டும், நாளைக்கு மறுபடி போக வேண்டும். சைக்கிளை நிமிர்த்தி, சங்கிலியை மாட்டி, பிரேக் சரியாக இருக்கிறதா என்று பிடித்துப் பார்த்து, மச்சான் கையில் கொடுத்தார். பிறகு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்:

"நாளைக்கும் இந்த வழியாத்தானே வருவே?"