குதிப்பதற்கு ஒரு கோல்

உதைத்த பந்து வலைக்குள் போனதுதான் தாமதம், ஐவின்ட் பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் தூக்கித் தலையைக் குனிந்துகொண்டான்.

"யோவ்! எதுக்குய்யா மன்னிப்புக் கேக்குற?" என்று பாய்ந்து வந்தான் கூட ஆடும் டிரொன்ட். "நீ ஆடாத ஒரே கிளப்பு இந்த ஸ்கார்விக்தான்!"

ஐவின்டுக்குச் சுரீரென்றது.

பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் குதிக்கக்கூடாது, அது மரியாதை. நார்வே முழுக்க எட்டு கிளப் மாறியவனுக்கு, எதிரே வருகிறவர்களெல்லாம் பழைய முதலாளிகள். அப்பா குதித்து மகள் யூனி பார்த்ததே இல்லை. "இன்னிக்கு உனக்காகக் குதிக்கிறேன்டி செல்லம்" என்று காலையில்தான் வாக்குக் கொடுத்திருந்தான். இதை விட்டால் வேறு ஆட்டமில்லை. ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. அடுத்த கிளப் தேடும் வேலையை ஏஜென்ட் கௌத்தேயிடம் விட்டுவிட்டான்: "எந்த ஊரானாலும் சரி, பேசி முடிச்சிடுங்க."

மறுபடி பந்து கிடைத்தது. உதைத்தான். வலை அதிர்ந்தது! கரணம் அடித்தான், முழங்காலில் சறுக்கினான், ஸ்கார்விக் ரசிகர்கள் முன்னால் போய்க் காதில் கைவைத்து, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்றான்.

அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆஃப்சைடு. கோட்டு நடுவர் கொடியைத் தூக்கியபடியே நின்றிருந்தார்.

"அப்பா, அது செல்லாதாம்!" என்று முன்வரிசையில் யூனி உதட்டைப் பிதுக்கினாள்.

மேல்வரிசையில், ஸ்கார்விக் தலைவருக்குப் பக்கத்தில் கௌத்தே எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"பாத்தியா, மனுஷன் குஷியாயிட்டாரு!" என்றான் ஐவின்ட்.

"வேணாம்னு சொல்ற மாதிரில்ல இருக்கு?" என்றான் டிரொன்ட்.

"ஆஃப்சைடுல ஓடாதங்கிறாரு. விடு!"

கடைசி நிமிடம். கார்னர் பந்து வந்தது. ஐவின்ட் எம்பி முட்டினான். கோல்! கொடி இல்லை!

ஆலங்கட்டி மழையில் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். மூலைக்கொடியை எட்டி உதைத்தான். ஸ்கார்விக் ரசிகர்களுக்கு நாக்கை நீட்டி இடுப்பை ஆட்டினான். நடுவர் காட்டிய மஞ்சள் அட்டைக்குக் கும்பிடு போட்டான்.

"இன்னொரு தடவைப்பா!" என்று யூனியும் குதித்தாள்.

இன்னொரு தடவையும் ஆடினான்!

விசில் ஊதியதும், வெற்று மார்போடு நடுங்கியபடி வந்தவனை வழிமறித்தார் ஸ்கார்விக்கில் சட்டைகளைக் கவனிக்கும் போர்ஹில்ட் அம்மாள். டேப்பை அவன் மார்பைச் சுற்றி இழுத்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"சட்டையக் கழட்டினது நல்லதாப் போச்சு தம்பி, அளவெடுக்கச் சொன்னாங்க; நாளையிலேருந்து நீங்க எங்க ஆளு."