வெங்காயத்தாளை மிதித்தவன்

"நான் விவசாயி வீட்டுப் பிள்ளை" என்று மார்தட்டுகிற ஆளை ஒரு செடியோடு தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. அவன் சும்மா இருக்க மாட்டான். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

எங்கள் ஊர் கமுதிப் பக்கம். அய்யாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயம். வயலில் நான் செய்த வேலையில் பாதி, அவருக்குச் சாப்பாடு கொண்டு போனது. மீதிப் பாதி, அந்தச் சாப்பாட்டில் பங்கு கேட்டது. ஆனால் ஒரே ஒரு வேலையில் பேர் வாங்கியிருக்கிறேன். வெங்காயம் முற்றுகிற சமயத்தில் தாளை மிதித்து மடக்கி விடுவார்கள். மேலே போகிற சத்து கீழே இறங்கிக் காய் பெருக்கும் என்பது கணக்கு. "இவன் மிதிச்சா மிதிச்சதுதான்" என்று அய்யா ஒரு தடவை சொன்னார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

இந்தத் தகுதியோடு கல்யாணம் முடித்து, வேலை மாற்றலில் கீழக்கரைக்கு வந்து, மாடி வீடு ஒன்றில் வாடகைக்குக் குடியேறினேன். என் மனைவி மாரீஸ்வரிக்கு நல்ல கைப்பக்குவம். வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. முதல் ஆர்டரைக் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா ஹாஜரா லாத்தாவே (லாத்தா என்றால் இந்த ஊரில் அக்கா) கொடுத்தார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மகனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் ஃப்ரைடு ரைஸ், முப்பது பேருக்கு. மகன் போட்ட ஒரே நிபந்தனை, ஸ்பிரிங் ஆனியன் தூக்கலாக இருக்க வேண்டும். அதாவது வெங்காயத்தாள். (அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. சாப்பாட்டில் பச்சையாகக் கிடப்பதையெல்லாம் கொத்தமல்லி என்று ஒதுக்கி வைக்கிறவன் நான்.)

கடைக்கு வருகிற தாளை மாரி நம்ப மாட்டாள். மதுரையிலிருந்து பஸ் ஏறி வருவதற்குள் அது வதங்கித் துவண்டிருக்கும். அதனால் ஆர்டர் வருவதற்கு முன்பிருந்தே மொட்டைமாடியில் இருபது பைகளில் மண் நிரப்பி, விதை போட்டு, அவளே வளர்த்து வந்தாள். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்பதால், குடிக்க வாங்குகிற குடத்திலிருந்து செடிக்கு ஒரு பங்கு போகும். (நான் இரண்டாவது டம்ளர் கேட்டால் முறைப்பாள்.) உப்புக்காற்று படாமல் பழைய சேலையால் திரை வேறு. எனக்குக் கொசுவலை கட்ட நேரமில்லாதவள்.

விருந்துக்கு முதல் நாள், சோறாக்கப் பெரிய தேக்சா எடுத்து வர மாரியூரில் இருக்கிற அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"செடிகளக் கொஞ்சம் பாத்துக்கங்க. சாயங்காலம் ஒரு தண்ணி விட்டாப் போதும். வேற ஒண்ணும் செஞ்சிர வேணாம்."

கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னாள். நான்தான் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் மாடிக்குப் போய் ஒரு பையில் விரலை விட்டுத் தோண்டிப் பார்த்தேன். காய் இல்லை. அடுத்த பையிலும் இல்லை. மூன்று மாதம் ஆகியும் அடியில் வெள்ளைத் தண்டுதான். மேலே தாள் மட்டும் முழங்கால் உயரத்துக்குத் திமிராக நின்றது. விடிந்தால் விருந்து. பாவம் மாரி, பட்டணத்துப் பை விவசாயம், அவளுக்கு என்ன தெரியும் என்று மனசு உருகிப் போனேன். ஒரு ராத்திரியில் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறங்கட்டும் என்று செருப்பைக் கழற்றினேன்.

வயலில் மிதித்த காலத்தில் என் எடை ஒரு வெங்காய மூட்டையைவிடக் குறைவு. இப்போது ஒன்றரை மூட்டை. துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு பைக்குப் பை தாவினேன். அந்த நேரம் பார்த்து, காய்ந்த துணியை எடுக்க ஹாஜரா லாத்தா வந்துவிட்டார்.

"தம்பி! என்னா செய்யிறிய?"

"காய் இறக்குறேன் லாத்தா."

"யா அல்லா! மாரி சொல்லியா செய்யிறிய?"

"இதெல்லாம் சொல்லியா தெரியணும்? எங்க பரம்பரைத் தொழிலு."

பதினேழாவது பையில் கொடி அறுந்தது. பதினெட்டாவது பையில் உட்கார்ந்தேன். லாத்தாவின் துணிகள் என்மேல் உட்கார்ந்தன. எழுந்து மிச்சம் இரண்டையும் மிதித்து முடித்தேன். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது.

மாரி தேக்சாவோடு வந்ததும் பெருமையாக மாடிக்குக் கூட்டிப் போனேன். அவள் கத்துவாள் என்று நினைத்திருந்தால் பரவாயில்லை. நான் பாராட்டுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து ஒரு தாளை நிமிர்த்தி வைத்தாள். அது மறுபடி சாய்ந்தது.

"இது காயே வைக்காத ரகம்ங்க. தாளுதான் வெள்ளாமையே. அத வெட்டித்தான் நாளைக்குப் போடணும்."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அந்தப் பைக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. கடைத்தெரு முழுக்க ஓடிப் பார்த்தேன். ஒரு கட்டுகூடக் கிடைக்கவில்லை. ஆறுதலுக்காக அய்யாவுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, திங்கிற தாளவா மிதிச்ச? ஆடு மேஞ்சிருந்தாக்கூட ஒரு வயித்துக்குப் போயிருக்குமேடா" என்றார்.

காலையில் மாரி ஒவ்வொரு செடியாக விலக்கிப் பார்த்தாள். நடுக்குருத்து சிலதில் தப்பியிருந்தது. எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடி. அதைப் பொடியாக நறுக்கிக் கிண்ணத்தில் போட்டு என் கையில் கொடுத்தாள். "தட்டுக்கு மூணு துண்டு. நாலு போட்டீங்க, நான் அம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

முப்பது பேர் பந்தியில், திருநீறு வைப்பதுபோல் ஒவ்வொரு தட்டாக நான் வைத்துக்கொண்டே போனேன். லாத்தாவின் மகன் தட்டை நீட்டினான்.

"கொஞ்சம் தூக்கலாப் போடுங்க மச்சான்."

"மிதிபடாம தப்பிச்சது இவ்வளவுதான்" என்று வாய் தவறி உளறிவிட்டேன். முப்பது கைகளும் தட்டிலேயே நின்றன. மாரியின் முகம் வெளுத்துவிட்டது. அவளுடைய முதல் ஆர்டர் என் வாயால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வேறு வழியில்லாமல் லாத்தா எழுந்து, துணிக்கொடி உட்பட, நடந்ததை நடந்தபடி சொன்னார். சிரித்ததில் ஒருவருக்குப் புரையேறியது. தேக்சா வழித்தெடுத்தது போல் காலியானது.

மூன்றே வாரத்தில் தாள் முன்பைவிடச் செழிப்பாகத் துளிர்த்தது. மாரிக்கு இப்போது கீழக்கரை தாண்டி, பெரியபட்டினம் வரைக்கும் ஆர்டர். லாத்தா சொன்ன கதையும் ஆர்டரோடு சேர்ந்து அத்தனை வீட்டுக்கும் போய்விட்டது. போன வாரம் மாரி குளிக்கப் போயிருந்ததால் ஒரு போனை நான் எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல்.

"நாளைக்கு ஐம்பது பேருக்குச் சாப்பாடு வேணும். மாரி வீட்டுக்காரர் ஊருல இருக்காரா?"

"இருக்கேன்" என்றேன்.

"அப்ப ஃப்ரைடு ரைஸ் வேணாம். நெய்ச்சோறே போதும்."