ஊசிச்சாமியின் தீர்ப்பு

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும், அருவிக்குப் போன கூட்டத்தில் பாதி ஈரத்தலையோடு மேலகரத்தில் இறங்கியது. அங்கேதான் ஊசிச்சாமி என்கிற சாமியார் அம்மன் பேரில் தீர்ப்புச் சொன்னார். பீடத்தின்மேல் ஒரு செம்புத் தட்டு, தட்டின் நடுவே சுழலும் ஊசி. சும்மா இருந்தால் வடக்கே பார்க்கும். தட்டில் கை வைத்தவர் உத்தமர் என்றால் கிழக்கே திரும்பும். திருடர் என்றால் மேற்கே. கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுப்பதை ஊசி ஒரு நொடியில் முடித்தது. வக்கீல் வேண்டாம், சாட்சி வேண்டாம், மூளையும் வேண்டாம்.

ஜெயசித்ராவை அங்கே அழைத்து வந்தவர் மாமியார் குருவம்மாள். வீட்டில் அவருடைய சங்கிலி காணாமல் போய் எட்டு நாள். கணவன் மணிமுத்துவும் வந்தான். ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்திருந்தவன். எல்லையில் துப்பாக்கியோடு நிற்கிற ஆள், ஊசிக்கு முன்னால் கைகட்டி நின்றான்.

ஜெயசித்ரா கை வைத்தாள். ஊசி மேற்கே திரும்பியது.

"நான் அப்பவே சொன்னம்லா," என்றார் குருவம்மாள். "இன்னைக்கே அவ அம்மை வீட்டுல கொண்டு விட்டுரு."

மணிமுத்து தரையைப் பார்த்தான். ஜெயசித்ரா குனிந்து பீடத்தைப் பார்த்தாள். ஊசி அசையும் முன் பீடத்துக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டிருந்தது. தென்காசியில் உவைஸ் அண்ணாச்சியின் மோட்டார் பட்டறையில் நான்கு வருஷமாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவள் அவள். சுவிட்சு சத்தம் அவளுக்குத் தெரியாதா?

"சாமி, தட்டை அந்த வேப்பமரத்தடியில வச்சு ஒருக்கா பாப்போமா? அம்மன் அங்கனயும் இருப்பால்லா?"

"பீடத்தை விட்டு எடுத்தா ரத்தம் கக்குவே."

அவள் எடுத்தாள். கக்கவில்லை. கூட்டம் பின்னாலேயே போனது. மரத்தடியில் இருபது பேர் கை வைத்தார்கள். ஊசி வடக்கை விட்டு நகரவில்லை. அந்தக் கூட்டத்தில் உத்தமரும் இல்லை, திருடரும் இல்லை.

திரும்பி வந்து பீடத்தின் சிவப்புத் துணியைத் தூக்கினாள். செம்புக் கம்பிக் காயில், பைக் பேட்டரி, காலால் அமுக்கும் இரண்டு சுவிட்சு.

"அது பூசை சாமான்," என்றார் சாமி.

தட்டைப் பழைய இடத்தில் வைத்தாள். "அத்தை, கை வையுங்க."

குருவம்மாள் தயங்கி வைத்தார். ஜெயசித்ரா ஒரு சுவிட்சை மிதித்தாள். ஊசி மேற்கே திரும்பியது.

"அப்ப நீங்கதான் எடுத்திருக்கிய."

குருவம்மாள் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். ஜெயசித்ரா பேட்டரியில் இரண்டு கம்பியையும் இடம் மாற்றி மாட்டி, அதே சுவிட்சை மிதித்தாள். ஊசி கிழக்கே போனது.

"இப்ப நீங்க உத்தமி. கம்பியில கரண்டு ஓடுனா அதைச் சுத்திக் காந்தம் உண்டாகும். கரண்டு ஓடுத திசைய மாத்துனா ஊசியும் மாறித் திரும்பும். நிறுத்துனா பழையபடி வடக்க. இதை வச்சுத்தான் நம்ம கிணத்து மோட்டாரே சுத்துது, அத்தை."

இதற்குள் சாமி பின்பக்கம் நழுவித் தன் பைக்கில் ஏறியிருந்தார். பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்கியும் வண்டி கிளம்பவில்லை. பேட்டரிதான் பீடத்துக்கு அடியில் அருள் பாலித்துக்கொண்டிருந்ததே. இறங்கி ஓடினார்.

காயிலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுச் சீட்டு கிடந்தது. வருகிறவர்களிடம் யார்மேல் சந்தேகம் என்று சாமி முன்கூட்டியே எழுதி வாங்கியவை. மேலே இருந்ததை ஜெயசித்ரா பிரித்தாள். அவள் பெயர்தான். மணிமுத்துவின் கையெழுத்து.

"இதை எழுதுததுக்கு எந்தச் சுவிட்சை யாரு மிதிச்சா?" என்று அவனிடம் கேட்டாள்.

அவள் சீட்டை அவன் சட்டைப்பையில் வைத்துவிட்டு, பட்டறைக்கு நேரமாகிறது என்று தென்காசி பஸ் ஏறினாள்.

ஊசியைத் திருப்ப அந்த ஆளுக்குக் கரண்டு தேவைப்பட்டது. நம்மைத் திருப்ப அதுகூடத் தேவைப்படவில்லை. கொஞ்சம் யோசியுங்கள், ஐயா; அதற்கு எந்தச் சாமியிடமும் உத்தரவு வாங்க வேண்டாம்.